பாயிண்ட்டை நடுவில் நிறுத்தாதே!

கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி கிடக்கிறதே, அதைக் கடைசியாக எப்போது வெளியே இழுத்தாய்?

தண்டவாளத் துண்டுகள். ஓர் எஞ்சின். நாலு பெட்டிகள். ஆசை ஆசையாக வாங்கினாய்! வாங்கிய வாரம் கூடத்துத் தரையில் வட்டமாகப் பூட்டி ஓட்டினாய். பிள்ளைகள் கூத்தாடினார்கள். நீயும்தான்.

அப்புறம் வட்டம் அலுத்தது. அலுக்க வேண்டியதுதான். ஒரு ஸ்டேஷன் வேண்டும் என்று நினைத்தாய். ஒரு வண்டி ஒதுங்கி நிற்க, இன்னொரு வண்டி அதைக் கடந்துபோக வேண்டும். நல்ல ஆசை! பெரிய ஆசை!

அதற்குத் தடம் பிரிய வேண்டும். தடம் பிரிகிற இடத்தில் பாயிண்ட் வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்தே அதை மாற்ற ஒரு மோட்டார் வேண்டும்.

அங்கே நின்றாய். இன்றுவரை அங்கேயேதான் நிற்கிறாய்!

எந்த மோட்டார்? காயிலா, ஸ்டாலா, சர்வோவா? எது நல்லது, எது மலிவு, எது சீக்கிரம் கெடும்? வீடியோ வீடியோவாகப் பார்த்தாய். விலையெல்லாம் விசாரித்தாய். ஒப்பிட்டு அட்டவணைகூடப் போட்டாய். ஒரே ஒரு மோட்டார் வாங்கினாயா?

"இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்கிறாய்.

நீ பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பயந்துகொண்டிருக்கிறாய்!

கோபம் வருகிறதா? வரட்டும். அந்தக் கோபத்தோடேயே மேலே படி.

பாயிண்ட் எப்படி வேலை செய்கிறது? கூர்மையான இரண்டு நாக்குத் தண்டவாளங்கள். ஒன்று இந்தப் பக்கத்துத் தண்டவாளத்தோடு ஒட்டினால், மற்றது அந்தப் பக்கத்தை விட்டு விலகும். நகர்கிற தூரம் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான்.

இப்படி ஒட்டினால் வண்டி ஒரு தடத்தில் போகும். அப்படி ஒட்டினால் இன்னொரு தடத்தில் போகும். எதிலும் ஒட்டாமல் நடுவில் நின்றால்?

கவிழும்!

தப்பான பக்கம் திரும்பிய பாயிண்ட்கூட வண்டியை ஏதோ ஓர் இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அங்கிருந்து பின்வாங்கி வரலாம். நடுவில் நின்ற பாயிண்ட் எந்த வண்டியையும் எங்கும் சேர்த்ததில்லை. உன் அட்டவணை நடுவில் நிற்கிறது!

சரி, உன் சாக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து வை. எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது.

"வீட்டில் இடமில்லை."

இந்தச் சிங்கப்பூரில் யாருக்கு இடம் இருக்கிறது? நாலறை வீவக வீடு. அம்மாவின் தையல் இயந்திரம். சாமி மாடம். துணி காயப்போடும் மூங்கில் கழி. இதற்குள் ரயிலா?

ரயில்தான்! அதற்குத்தான் ‘என்’ கேஜ் இருக்கிறது. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே ஒன்பதே மில்லிமீட்டர். ஜப்பானில் இந்த அளவு ஏன் கொடிகட்டிப் பறக்கிறது? அங்கேயும் வீடுகள் சின்னவை!

இங்கிலாந்தில் ஆலன் ரைட் என்பவர் ஒரு விளையாட்டை வகுத்தார். இங்கிள்நூக் என்று பெயர். மூன்று தடங்கள். எட்டு சரக்குப் பெட்டிகள். பாயிண்ட் எத்தனை தெரியுமா? இரண்டு! வெறும் இரண்டு!

எட்டுப் பெட்டிகளுக்கும் சீட்டு எழுதிக் குலுக்கு. ஐந்து சீட்டு எடு. வந்த வரிசை மாறாமல் அந்த ஐந்தையும் கோத்து ஒரு வண்டியாக நிறுத்து. அவ்வளவுதான் ஆட்டம். 6,720 விதமான வண்டிகள் வரும். நாளைக்கு ஒன்று என்று ஆடினாலும் பதினெட்டு வருடத்துக்கு மேல் ஓடும்!

‘என்’ கேஜில் இதற்கு ஒரு மீட்டர் பலகையே தாராளம். அலமாரிக்குப் பின்னால் நிற்க வைக்கலாம்.

விடுதியில் ஈரடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் படுக்கிற தம்பி, உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒரு மீட்டரும் இல்லையா? ஒரு முழப் பலகை எடு. அதில் ஒரே ஒரு பாயிண்ட் வை. அதற்கு மோட்டார் பூட்டிப் பழகு. ஊருக்குத் திரும்பும்போது கையில் ஒரு வித்தையோடு போவாய்.

இருபது பாயிண்ட் வைத்த அரண்மனையைக் கனவு கண்டாய். கண்டு கண்டே இரண்டு பாயிண்ட் வைத்த பலகையைக் கொன்றாய்!

"பெரிய வீடு வாங்கியதும் செய்வேன்" என்கிறாயா? பெரிய வீட்டில் சாக்கும் பெரிதாகத்தான் இருக்கும்!

அடுத்தது?

"இந்த வயதில் பொம்மை ரயிலா என்று சிரிப்பார்கள்."

சிரிக்கட்டுமே! பிடோக் ஜெட்டியில் விடிய விடியத் தூண்டிலோடு உட்கார்ந்திருக்கிறவரைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. மீன் கிடைக்காமல் வந்தாலும் சிரிப்பதில்லை.

புனேயில் பாவ் ஜோஷி என்று ஒருவர். தன் மாதிரி ரயில்களுக்கு 1998-ல் அருங்காட்சியகமே திறந்தார். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் பிரவுன் என்ற இரட்டைச் சகோதரர்கள் 2001-ல் திறந்த மினியேச்சர் வுண்டர்லேண்டில் இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரயில்கள் ஓடுகின்றன. உலகமே வரிசையில் நின்று சீட்டு வாங்குகிறது. சிரித்தவர்கள் எங்கே? அவர்களும் வரிசையில்தான் நிற்பார்கள்!

"இதெல்லாம் வெள்ளைக்காரனும் ஜப்பான்காரனும் செய்கிற வேலை. நம்ம ஆளுக்கு ஒத்துவராது."

இதைத்தான் என்னால் பொறுக்க முடியாது!

இந்தத் தீவில் ரயில் எப்போது ஓடத் தொடங்கியது? 1903-ல். தஞ்சோங் பகார் ஸ்டேஷன் எப்போது எழுந்தது? 1932-ல். மலாயா நெடுகக் காட்டை வெட்டி, மேடு போட்டு, தண்டவாளம் பதித்து, மழையிலும் வெயிலிலும் அதைப் பராமரித்தவர்களில் நம் தமிழ்த் தொழிலாளர்கள் எத்தனை பேர்! யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்து எழுத்தராகவும் ஸ்டேஷன் மாஸ்டராகவும் உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர்!

ரயில் உனக்கு அந்நியமா?

புக்கிட் தீமா பழைய ரயில் நிலையத்துக்குப் போயிருக்கிறாயா? 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு வண்டிகள் நின்றுபோயின. இப்போது பசுமை நடைபாதையின் ஓரத்தில், செங்கல் சுவரோடு அழகாக நிற்கிறது. படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதே. அங்கே எப்படி வேலை நடந்தது என்று யோசித்துப் பார்.

அது ஒற்றைத் தடம். எதிரெதிரே வரும் வண்டிகள் ஒதுங்க அந்த நிலையத்தில்தான் இடம் இருந்தது. ஓட்டுநர் கையில் டோக்கன் வாங்காமல் அடுத்த பகுதிக்குள் நுழைய முடியாது. நிலையத்தில் இரும்பு நெம்புகோல்கள். இழுத்தால்தான் சிக்னல் விழும்.

மோட்டார் ஏது? மனிதக் கைதான் மோட்டார்! அந்தக் கை முழு பலத்தோடு இழுக்கும். "இழுக்கலாமா வேண்டாமா, இன்னும் கொஞ்சம் ஆராயலாமா" என்று நெம்புகோலைப் பாதியில் பிடித்துக்கொண்டு அங்கே யாரும் நின்றதில்லை. நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இன்னொன்றும் சொல்கிறேன். தேக்காவில் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் வாழையிலைச் சாப்பாடு முடித்துக் கொஞ்சம் நடந்தால் ஹேம்ப்ஷயர் ரோடு வரும். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் தலைமையகம் அங்கேதான். பழைய கேகே மகப்பேறு மருத்துவமனை இருந்த இடம் அது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த, கொஞ்சம் வயதான ஆளா நீ? அங்கேயே பிறந்திருக்க வாய்ப்பு அதிகம்! நீ பிறந்த இடத்தில் உட்கார்ந்துதான் இந்த ஊரின் ரயில் பாதைகளைத் திட்டமிடுகிறார்கள். உனக்கா ரயில் ஒத்துவராது?

"எனக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரியாது."

யாருக்குத் தெரிந்தது? பிறக்கும்போதே சால்டரிங் அயர்னைப் பிடித்துக்கொண்டா பிறந்தார்கள்?

1946-ல் அமெரிக்காவின் எம்ஐடியில் மாணவர்கள் ஒரு மாதிரி ரயில் மன்றம் தொடங்கினார்கள். அவர்களின் மேசைக்கு மேலே மலை, ஊர், ரயில். மேசைக்கு அடியில்? தொலைபேசி நிலையங்களில் பயன்படும் ரிலேக்கள்! பாயிண்ட்டுகளையும் வண்டிகளையும் கட்டுப்படுத்த அவற்றைப் பூட்டிக் கம்பிக் காடே வளர்த்தார்கள்.

அந்தக் கம்பிக் காட்டில் மல்லாந்து படுத்துக் கிடந்த பையன்கள் பிறகு கணினி மேல் பாய்ந்தார்கள். 1962-ல் ஸ்பேஸ்வார் என்ற கணினி விளையாட்டை உருவாக்கியவர்களில் அந்த மன்றத்துக்காரர்கள் இருந்தார்கள். பாயிண்ட் மாற்ற வழி தேடியவர்கள் எங்கே போய் நின்றார்கள், பார்த்தாயா?

உனக்கு எம்ஐடி வேண்டாம். ஜாலான் புசார் முனையில் சிம் லிம் டவர் இருக்கிறது! ரோச்சோர் ரயில் நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம். கணினியும் கைப்பேசியும் விற்கிற சிம் லிம் ஸ்குவேருக்குள் நுழைந்துவிடாதே. டவர்! கப்பாசிட்டர், ரிலே, டையோடு, பட்டன், கலர் கலராகக் கம்பி. சில்லறைக் காசுக்கு அள்ளிக்கொண்டு வரலாம்.

"சுங்கை ரோடு பழைய சந்தை இருந்தவரை நன்றாக இருந்தது, பழைய மோட்டார் என்ன, டிரான்ஸ்ஃபார்மர் என்ன..." என்று பெருமூச்சு விடுகிறாயா? 2017 ஜூலை 10-ஆம் தேதி அதை மூடினார்கள். எனக்கும் வருத்தம்தான். அது திறந்திருந்தபோது மட்டும் நீ வாங்கிவிட்டாயா?

"கடைக்காரர் சீனர். எனக்குப் பொருளின் பெயர் சொல்லக்கூடத் தெரியாதே."

பழைய பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு போ. "அங்கிள், இதே மாதிரி" என்று காட்டு. அவருக்குப் புரியும். இந்த ஊரில் பாதி வியாபாரம் அப்படித்தான் நடக்கிறது!

இப்போது உன் கடைசிச் சாக்கு. உண்மையான சாக்கு. உள்ளே ஒளித்து வைத்திருக்கிறாயே, அது.

"எரிந்துவிட்டால்?"

வா. இதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

முதலில் காயில் மோட்டார். இரண்டு சுருள், நடுவே ஓர் இரும்புத் தண்டு. இந்தச் சுருளுக்கு மின்சாரம் கொடுத்தால் தண்டு இங்கே பாயும். அதற்குக் கொடுத்தால் அங்கே பாயும். டக்! வேலை முடிந்தது.

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பீர் என்ற கடலோர ஊரில் இருக்கிறது பீக்கோ நிறுவனம். அவர்களின் பிஎல்-10 இந்த இனம்தான். பாயிண்ட்டின் அடியிலேயே நேராகப் பூட்டிக்கொள்ளலாம். விலையும் குறைவு. முரட்டு பலம்!

அதன் குணத்தைத் தெரிந்துகொள். பாய்கிற அந்த ஒரு கணத்தில் மூன்று நான்கு ஆம்பியர் குடிக்கும். கணத்தோடு நிறுத்தினால் ஆயுசுக்கும் உழைக்கும். விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தால்? சூடேறும். புகை நாற்றம் வரும். வைண்டிங் போய்விடும்!

பயந்துவிட்டாயா? இந்தப் பயத்துக்கு எப்போதோ மருந்து கண்டுபிடித்தாயிற்று! மின்சாரத்தைக் கப்பாசிட்டரில் சேர்த்து வைத்து ஒரே மூச்சில் கொட்டுகிற ஒரு சின்ன சர்க்யூட். சிடியு என்பார்கள்.

4,700 மைக்ரோஃபாரட், 35 வோல்ட் தாங்குகிற கப்பாசிட்டர் ஒன்று. ஒரு டையோடு. ஒரு ரெசிஸ்டர். சிம் லிம் டவரில் ஒரு கோப்பிக் காசு!

பட்டனை அழுத்தினால் சேர்த்ததெல்லாம் காயிலில் கொட்டும். அதற்குப் பிறகு போவது சொட்டுச் சொட்டாகத்தான். விரலை எடுக்க மறந்தாலும் காயில் பிழைத்துக்கொள்ளும். விரலை எடுத்தால் சற்று நேரத்தில் மறுபடி நிரம்பும்.

எரியும் என்று பயந்து வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்தாயே, எரியாமலிருக்க வழி இருக்கிறதா என்று ஒரு மாலை தேடினாயா?

காயிலில் உண்மையான குறை ஒன்று உண்டு. சத்தம். பிள்ளை தூங்குகிற வீட்டில் இரவு பதினொரு மணிக்கு டக், டக் என்று அடித்தால் உனக்கு நல்ல பெயர் கிடைக்காது. நகர்வும் வெடுக்கென்று இருக்கும்.

காட்டோ நிறுவனத்தின் யூனிட்ராக் பாயிண்ட்டில் காயில் உள்ளேயே ஒளிந்திருக்கிறது. இரண்டே கம்பிகள். மின்சாரத்தின் திசையை மாற்றினால் பாயிண்ட் மாறும். தரையில் பூட்டி ஆடிவிட்டுக் கழற்றி எடுத்துவைக்கிற வீட்டுக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்பேன். துளை போடுகிற வேலையே இல்லை.

ஆனால் ஒன்று! ஜப்பானின் அகிஹபாராவில் வாங்கி வந்த கன்ட்ரோலரின் அடாப்டரை இங்கே அப்படியே செருகிவிடாதே. அங்கே 100 வோல்ட். இங்கே 230. அடாப்டரின் முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று படி. 100 என்று மட்டும் இருந்தால் வோல்ட்டேஜைக் குறைக்கிற டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் தொடாதே! நான் துணிச்சலைத்தான் கேட்கிறேன். கண்மூடித்தனத்தைக் கேட்கவில்லை.

அடுத்தது ஸ்டால் மோட்டார். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். எனக்குப் பிடித்தது இதுதான்.

சாதாரண மோட்டாரை ஓடவிட்டால் ஓடும். பிடித்து நிறுத்தினால்? மின்சாரத்தை மேலும் மேலும் இழுக்கும். திமிறும். கருகும். இந்த மோட்டாரோ தடுத்து நிறுத்தப்படுவதற்கென்றே செய்யப்பட்டது!

சர்க்யூட்ரான் என்ற அமெரிக்க நிறுவனத்தின் டார்ட்டஸ் மோட்டாரை எடுத்துக்கொள். 12 வோல்ட் கொடு. உள்ளே பல்சக்கரங்கள் சுழலும். ஓர் எஃகுக் கம்பி மெல்ல நகரும். மூன்று நொடி போல ஆகும். நாக்குத் தண்டவாளம் போய் முட்டும்.

முட்டியதும் மோட்டார் நிற்கும். ஆனால் விடாது! முட்டிய இடத்திலேயே அழுத்திக்கொண்டு நிற்கும். ஒரு மணி நேரம். ஒரு நாள். ஒரு மாதம்!

அப்படி முட்டி நிற்கும்போது அது குடிக்கிற மின்சாரம் எவ்வளவு? 16 மில்லிஆம்பியர்! ஒரு சின்ன எல்இடி விளக்கு எரிகிற அளவு. அதனால்தான் பலர் அந்த மோட்டாரின் கம்பியிலேயே எல்இடியைத் தொடராகக் கோத்து, பாயிண்ட் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பலகையில் காட்ட வைக்கிறார்கள். பத்து மோட்டார்கள் சேர்ந்து முட்டினாலும் 160 மில்லிஆம்பியர்தான்.

முட்டுச்சுவர் வந்ததும் திமிறிக் கருகுகிற ஆளா நீ? இல்லை, அதே சுவரில் சாய்ந்து, பதறாமல், விடாமல் அழுத்துகிற ஆளா?

எத்தனை முறை சுவர் வந்தது உனக்கு! பள்ளியில் வந்தது. வேலையில் வந்தது. ஒவ்வொரு முறையும் எரிந்து விழுந்தாய், அல்லது எழுந்து போய்விட்டாய். நின்று அழுத்திப் பார்த்தாயா? ஒரே ஒரு முறை?

டார்ட்டஸின் உள்ளேயே இரண்டு சுவிட்சுகளும் இருக்கின்றன. பாயிண்ட் மாறும்போது அவையும் சேர்ந்து மாறும். ஒன்றை ஃப்ராக்குக்குக் கொடு. ஃப்ராக் என்றால் தடங்கள் ஒன்றையொன்று வெட்டுகிற மூக்குத் துண்டு. அதற்கு மின்சாரம் சரியான பக்கத்திலிருந்து வராவிட்டால் சின்ன எஞ்சின் அங்கே செத்து நிற்கும். ஊரே கூடிப் பார்க்கிற நேரத்தில்தான் நிற்கும்!

குறை இல்லையா? இருக்கிறது. பலகைக்கு அடியில் ஏறக்குறைய எட்டரை சென்டிமீட்டர் இறங்கும். விலையும் கூட. அலமாரிக்குப் பின்னால் ஒளிக்கிற பலகைக்கு இது பெரிய வயிறு.

மூன்றாவது சர்வோ. எஸ்ஜி90 என்று கேள். விரல் நீளம்கூட இருக்காது. எடை ஒன்பது கிராம்! சில வெள்ளிக்குக் கிடைக்கும். 5 வோல்ட் போதும்.

இதற்கு வெறும் மின்சாரம் போதாது. கட்டளை வேண்டும். நொடிக்கு ஐம்பது தடவை ஒரு சின்னத் துடிப்பு அனுப்ப வேண்டும். துடிப்பு ஒரு மில்லிநொடி நீண்டால் ஒரு கோணம். இரண்டு மில்லிநொடி நீண்டால் இன்னொரு கோணம். அந்தத் துடிப்பை ஆர்டுயினோ என்கிற மின்னணு அட்டை அனுப்பும்.

"புரோகிராமிங்கா? ஐயோ!"

என்ன ஐயோ? பத்துப் பதினைந்து வரி! உன் பிள்ளை பள்ளியில் படிக்கிறது. கூட உட்கார வைத்துக்கொள். தெரியாததைப் பிள்ளையிடம் கேட்பதில் என்ன குறைந்துபோகும் உனக்கு?

ஒரேயடியாகத் திரும்பச் சொல்லாதே. ஒவ்வொரு டிகிரியாக, நடுவில் சிறு இடைவெளி விட்டுத் திருப்பு. நாக்கு நிஜ ரயிலில் நகர்வதுபோல் மெதுவாக நகரும். சத்தமும் அதிகம் இல்லை. போய்ச் சேர்ந்ததும் துடிப்பை நிறுத்து. இல்லாவிட்டால் சிலது சும்மா முனகிக்கொண்டே இருக்கும்.

முதல் நாள் சர்வோ பேய் பிடித்ததுபோல் ஆடலாம். பயப்படாதே. தூக்கி எறியாதே. சர்வோவுக்குத் தனியாக மின்சாரம் கொடுத்தாயா? அந்த அடாப்டரின் மைனஸையும் ஆர்டுயினோவின் மைனஸையும் இணைத்தாயா? இணைத்திருக்க மாட்டாய். முதல் தடவை பெரும்பாலோர் மறக்கிற கம்பி அது. இணை. அடங்கிவிடும்.

பீக்கோ பாயிண்ட்டுக்குள் ஒரு சின்ன ஸ்பிரிங் இருக்கும். காயிலுக்கு அது நண்பன். நாக்கைப் பிடித்து நிறுத்தும். மெதுவாக நகர்கிற ஸ்டாலுக்கும் சர்வோவுக்கும் அது இடைஞ்சல். எடுத்துவிடு. சர்வோவில் சுவிட்ச் கிடையாது. ஃப்ராக்குக்குத் தனியாக ஒரு மைக்ரோ சுவிட்சோ ரிலேயோ வைக்க வேண்டும். அவ்வளவுதான் கூடுதல் வேலை.

எதை வாங்குவது என்று என்னிடமே கேட்கிறாயா?

தரையில் ஆடிக் கழற்றிவைக்கிற வீடா? காட்டோ. யோசிக்காதே. நிரந்தரமான மேசை, அடியில் கைவிட்டு வேலை செய்ய இடம், கையில் கொஞ்சம் பணம் இருக்கிறதா? ஸ்டால். பலகையை ஒளித்துவைக்க வேண்டிய வீவக வீடு, செலவும் கட்டுக்குள் இருக்க வேண்டுமா? சர்வோ! பழைய காயில் யாரிடமாவது இருந்து கொடுத்தால் வாங்கிக்கொள். சிடியு போட்டு ஓட்டு.

என் கணக்கு தவறாகவே இருக்கட்டும்! உன் வீட்டுக்குச் சர்வோ சரிவராமல் ஸ்டால்தான் சரி என்று பிறகு தெரிந்தால் என்ன நஷ்டம்? சில வெள்ளி! ஒன்றும் வாங்காமல் கழிந்த வருடங்களுக்கு என்ன விலை? அதை யார் திருப்பித் தருவார்கள்?

தோல்வியைப் பற்றிப் பேசுகிறாய் நீ. லிட்டில் இந்தியா நிலையத்துக்குக் கீழே இறங்கிப் பார். வடகிழக்குப் பாதை. 2003-லிருந்து ஓட்டுநர் இல்லாமலே ஓடுகிறது. ஹார்பர்ஃபிரண்ட் முனையில் வண்டி திரும்ப வேண்டுமானால் பாயிண்ட் மாற வேண்டும். மாற்றுவது மோட்டார்தான்! நாக்கு முழுதாக ஒட்டிப் பூட்டிக்கொண்டதா என்று கருவி உறுதி சொன்னால்தான் வண்டிக்கு வழி கிடைக்கும்.

அவ்வளவு பணம், அவ்வளவு படிப்பு, அவ்வளவு சோதனை. அப்படியும் இந்த ஊர் ரயில்களில் பாயிண்ட் கோளாறு வருவதில்லையா? வருகிறது! நீயும் தாமதமாகி, மேடையில் நின்று முணுமுணுத்திருக்கிறாய். அதற்காக ரயில் வேண்டாம் என்று பாதையை மூடிவிட்டார்களா? கடைசி ரயில் போனபின், முதல் ரயில் வருவதற்குள் கிடைக்கிற அந்தச் சில மணி நேரத்தில் விளக்கோடு இறங்குகிறார்கள். கழற்றுகிறார்கள். மாட்டுகிறார்கள். விடிந்தால் ரயில் ஓடுகிறது.

அங்கே வேலைக்குப் போகிற ஆயிரம் பேர் காத்திருப்பார்கள். உன் பலகையில் காத்திருப்பது ஒரு பிளாஸ்டிக் பயணி! கவிழ்ந்தால் விரலால் எடுத்து நிறுத்திவிடலாம். இதற்குமா பயம்?

சனிக்கிழமை சிம் லிம் டவருக்குப் போ. ஞாயிறு என்று தள்ளாதே, பல கடைகள் சாத்தியிருக்கும். அட்டவணையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ!

சர்வோ ஒன்று. ஒன்றே ஒன்று! ஆர்டுயினோ ஒன்று. 5 வோல்ட் அடாப்டர் ஒன்று. பட்டன் ஒன்று. மெல்லிய எஃகுக் கம்பி ஒரு முழம். பிளைவுட்டில் ஒரு துண்டு. இந்த ஊர் ஈரக் காற்றில் மலிவான அட்டைப் பலகை உப்பிக்கொள்ளும், அதை வாங்காதே.

நாக்குகளை இணைக்கிற பட்டைக்கு நேர் கீழே துளை போடு. கம்பி இரண்டு பக்கமும் தாராளமாக அசைகிற அளவுக்குப் போடு. சிறியதாகப் போட்டுவிட்டுப் பிறகு மோட்டாரைத் திட்டாதே.

சர்வோவை 90 டிகிரியில் நிறுத்து. நாக்குகளை நடுவில் பிடித்துக்கொண்டு சர்வோவைப் பலகைக்கு அடியில் திருகு. அவற்றை நடுவில் வைக்க உனக்கு அனுமதி அந்த ஒரு நிமிடம் மட்டும்தான்!

கம்பியை மாட்டு. 80 என்று கொடுத்துப் பார். ஒட்டவில்லையா? 75 கொடு. அதற்கு மேல் திணிக்காதே, கம்பி லேசாக வளைந்து அழுத்தினால் போதும். அந்தப் பக்கம் 100, 105 என்று அதேபோல் கண்டுபிடி.

பட்டனை அழுத்து. நாக்கு எதிர்ப்பக்கம் போகிறதா? நிரலில் இரண்டு எண்களையும் இடம் மாற்றிப் போடு. மறுபடி அழுத்து.

எஞ்சினை இன்னும் ஏற்றாதே. ஒரே ஒரு பெட்டியை எடுத்து விரலால் தள்ளு. நேர்த்தடத்தில் ஒரு தடவை. பிரிகிற தடத்தில் ஒரு தடவை. எங்கே தட்டுகிறது என்று கேள். தட்டுகிற இடத்தில் நாக்கு முழுதாக ஒட்டியிருக்காது. இன்னும் ஒரு டிகிரி கொடு. பெட்டி தடுமாறாமல் போனதும் எஞ்சினை ஏற்று. அது ஓடிக்கொண்டிருக்கட்டும். நீ டிரில்லை எடுத்து இரண்டாவது பாயிண்ட்டுக்குத் துளை போடு!